கூட்டத்தில் "இது வன்முறை" என்று ஒருவர் சொன்ன பிறகு நிறுவனம் என்ன செய்ய வேண்டும்?

வைகைக்கரை

இரண்டு மாவட்டங்களில் மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு சிறு தொண்டு நிறுவனம் பற்றிய கேள்வி. சம்பளத்தில் 14 பேர், தன்னார்வலர்கள் 40 பேர் அளவில். பாதிக்கு மேல் 25 வயதுக்குள். நிர்வாகக் குழுவில் எல்லோரும் 50 தாண்டியவர்கள்.

மாதக் கூட்டத்தில் சில சொற்கள் வந்ததும் பேச்சு அப்படியே நின்றுவிடுகிறது. "இது வன்முறை", "இங்கே ஸேஃப் ஸ்பேஸ் (பயமில்லாமல் பேசும் இடம்) இல்லை", "பிரிவிலேஜில் (பிறப்பாலோ வசதியாலோ வந்த சலுகையில்) இருந்து பேசுகிறீர்கள்", "டோக்கனிசம்" (பெயருக்கு ஒருவரைச் சேர்ப்பது). பயணப்படி 45 நாள் தள்ளிப்போனதற்கும் "வன்முறை" என்ற சொல். ஒரு களப்பணியாளரைச் சாதி சொல்லிக் கேலி செய்ததற்கும் இதே சொல். பெரியவர்கள் எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்த்து "இன்ஸ்டாகிராம் பாஷை" என்று தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளுவதையே இளையவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். கடைசியில் பயணப்படியும் வரவில்லை, சாதிக் கேலிக்கு விசாரணையும் இல்லை.

சொற்களைத் தடை செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சொல் வந்து விழுந்த பிறகு அடுத்து என்ன? எழுத்தில் வைக்கத்தக்க நடைமுறை தெரிந்தால் சொல்லுங்கள். ஒருநாள் பயிற்சி வகுப்பு வைத்துவிடலாம் என்கிறது நிர்வாகக் குழு. அது போதுமா?

பனங்காடு

போதாது. வகுப்பைக் கடைசியில் வையுங்கள், முதலில் புகார் போகும் வாசல்களைப் பிரியுங்கள்.

பயணப்படி தாமதம் நிர்வாகக் குறை. சாதிக் கேலி என்பது ஓர் ஆள் இன்னோர் ஆளுக்கு இழைத்த தீங்கு. மூன்றாவது வகையும் உண்டு: ஒரு மையத்தை மூடுவதா வேண்டாமா என்பது போன்ற முடிவுகளில் வரும் கருத்து வேறுபாடு. இந்த மூன்றும் ஒரே கூட்டத்தில், ஒரே சொல்லின் கீழ் வந்து விழுகின்றன. மூன்றையும் தீர்க்கக் கூட்டத்தால் முடியாது. முடியாத இடத்தில் சொல்லின் கனம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். "தாமதம்" என்றபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், அடுத்த மாதம் "வன்முறை" என்றுதான் வரும்.

சொன்னவரிடம் அகராதிச் சண்டை வேண்டாம். "இது எப்படி வன்முறை ஆகும்?" என்று தொடங்கினால் அடுத்த 40 நிமிடம் போய்விடும். கூட்டத்தை நடத்துபவர் மூன்றே கேட்க வேண்டும்: என்ன நடந்தது, யாருடைய பொறுப்பில் நடந்தது, இப்போது என்ன செய்யப்பட வேண்டும். பதிலை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே குறிப்பேட்டில் எழுதி, வாசித்துக் காட்டுங்கள். எந்த வாசலுக்குப் போகிறது, யார், எந்தத் தேதிக்குள் பதில் தருவார் என்பதையும் அங்கேயே எழுத வேண்டும். ஒரே விதிவிலக்கு: பாலியல் அல்லது சாதி தொடர்பானது என்று தெரிந்த கணமே கூட்டத்தில் விவரம் கேட்பதை நிறுத்திவிட வேண்டும். நாற்பது பேர் முன்னால் ஒருவரை விவரிக்க வைப்பது இரண்டாவது தீங்கு.

பாலியல் துன்புறுத்தலுக்கு, பணியிடத்தில் பெண்களைப் பாதுகாக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. 10 பேர் வேலை செய்தாலே உள்குழு (நிறுவனத்துக்குள் புகாரை விசாரிக்கும் குழு) கட்டாயம். தன்னார்வலர்களும் அந்தச் சட்டத்தின் "ஊழியர்" வரையறைக்குள் வருவார்கள், பல நிறுவனங்கள் இதைக் கவனிப்பதில்லை. தலைவர் மூத்த பெண் ஊழியர், குறைந்தது இரண்டு ஊழியர்கள், வெளியிலிருந்து ஒருவர், மொத்தத்தில் பாதிப்பேராவது பெண்கள். புகார் 3 மாதத்துக்குள் எழுத்தில் வர வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டலாம். எழுத முடியாதவருக்குக் குழுவே எழுதித் தர வேண்டும். விசாரணை 90 நாள், அறிக்கை அடுத்த 10 நாளில், அதன்மேல் நடவடிக்கை 60 நாளில். சமரசம் பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் மட்டும், அதுவும் பணம் கொடுத்து முடிப்பதாக இருக்கக் கூடாது.

எங்கே பிசகுகிறது என்றால், வெளி உறுப்பினராக இயக்குநரின் நண்பரைப் போடுவதில். உறுப்பினர்களின் 3 ஆண்டுப் பதவிக்காலம் முடிந்ததை யாரும் பார்க்காமல் விடுவதில். பிறகு வாட்ஸ்அப் குழுவில். புகாரின் உள்ளடக்கம், இரு தரப்பின் அடையாளம், சாட்சிகள், விசாரணை விவரம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது பிரிவு 16. ஆதரவு திரட்டப் போடும் ஒரு பதிவு பாதிக்கப்பட்டவரின் வழக்கையே பலவீனப்படுத்திவிடும். இதை வேலையில் சேரும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும், பிரச்சினை வந்த நாளில் சொன்னால் வாயை மூடச் சொல்வதாகத்தான் கேட்கும்.

இந்தச் சட்டத்தில் பெண்கள்தான் புகார்தாரர் ஆக முடியும். ஆண்களுக்கும் திருநர்களுக்கும் உங்கள் சொந்தக் கொள்கையில் அதே நடைமுறையை நீட்டி எழுதுங்கள். திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி ஒவ்வொரு நிறுவனமும் தனியாக ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும்.

சாதிக்கு வருவோம். பணியிடச் சாதிப் பாகுபாட்டை விசாரிக்க இப்படி உள்குழு அமைக்கச் சொல்லும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 குற்றவியல் சட்டம். புகார் வந்தால் முதற்கட்ட விசாரணை இல்லாமலே எஃப்ஐஆர் பதிய வேண்டும் என்று 2018 திருத்தம் சொல்கிறது, புலன் விசாரணையை டிஎஸ்பி நிலைக்குக் குறையாதவர் நடத்த வேண்டும். ஆகவே "உள்விசாரணை முடியட்டும், அதுவரை ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம்" என்று எந்த நிர்வாகியும் சொல்லக் கூடாது. ஸ்டேஷனுக்குப் போவது பாதிக்கப்பட்டவருடைய உரிமை. நிறுவனம் தன் பங்குக்கு மூன்று பேர் குழு ஒன்றை எழுத்தில் அமைக்கலாம்: இருவராவது பட்டியல் சமூகத்தினர், ஒருவர் வெளியாள், கால வரம்பு 30 நாள். இந்த எண்கள் என் பரிந்துரைதான், சட்டத்தில் உள்ளவை அல்ல.

கரிசல்

பனங்காடு தோழர் பிரித்த விதம் சரி. ஒரே ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். பயணப்படியை வெறும் நிர்வாகக் குறை என்று ஒதுக்க முடியாது.

45 நாள் தாமதம் எல்லோருக்கும் ஒரே 45 நாளாக இருப்பதில்லை. வீட்டில் பணம் இருப்பவர் பொறுத்துக்கொள்வார். இல்லாதவர் வட்டிக்கு வாங்கிப் பேருந்து ஏறுவார். களத்துக்கு அதிகம் போகிறவர்களும் கையில் குறைவாக வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். "பிரிவிலேஜ்" என்ற சொல் துல்லியமாகப் பொருந்தும் இடம் இதுதான். மருந்து எளிது: மாத முதல் தேதியில் சராசரிப் பயணச் செலவை முன்பணமாகக் கொடுங்கள், 25-ஆம் தேதிக்குள் பில், மிச்சத்தை அடுத்த மாத முன்பணத்தில் நேர் செய்யுங்கள். 14 பேருக்கு இதற்காகத் தனிக் கையிருப்பு வைப்பது பெரிய தொகையாக இருக்காது.

இந்தச் சொற்களைப் "பாஷை" என்று தள்ளும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவற்றில் பல, வேலையிடக் கணக்கிலிருந்து பிறந்தவை. "இன்டர்செக்ஷனாலிட்டி" (இனம், பாலினம் போன்ற பாகுபாடுகள் ஒருவர் மேல் ஒன்றாக விழுவது) என்ற சொல்லை 1989-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா முன்வைத்தபோது அவர் எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்டது. அந்த நிறுவனம் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை எடுக்கவே இல்லை. பிறகு மந்தம் வந்தபோது பணிமூப்புப்படி ஆட்குறைப்பு செய்தார்கள். 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வெளியே போனார்கள். பெண்களை (அவர்கள் வெள்ளையர்) வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை, இனப் பாகுபாட்டை இன்னொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டையும் சேர்த்து ஒரே குற்றச்சாட்டாக எடுக்க முடியாது என்று 1976-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு பட்டியலிலும் விழாமல் நடுவில் தொலைந்துபோனவர்களைக் காட்டத்தான் அந்தச் சொல் தேவைப்பட்டது.

நம் ஊரிலும் அப்படித்தான். சமூகநீதி இங்கே எண்ணோடு வளர்ந்த சொல். அரசு வேலையைச் சமூகவாரியாகப் பகிர்ந்த 1921 வகுப்புவாரி அரசாணையில் தொடங்கி இன்றைய 69 விழுக்காடு இடஒதுக்கீடு வரை. பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, அதற்குள் அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. இந்த மரபில் வந்தவர்கள் "டோக்கனிசம்" என்ற சொல்லைக் கேட்டுக் கோபப்படத் தேவையில்லை. கணக்கை எடுத்து மேசையில் வைத்தால் போதும்.

என்ன கணக்கு? பதவி, நிரந்தரமா ஒப்பந்தமா, சம்பளம், கடைசியாக ஊதியம் உயர்ந்த தேதி, களமா அலுவலகமா, காசோலையில் கையெழுத்திடும் உரிமை, நிதி கொடுப்பவர்களோடு பேசும் வாய்ப்பு. இவற்றைச் சமூகப் பிரிவோடும் பாலினத்தோடும் சேர்த்துப் பாருங்கள். யார் எப்போதும் குறிப்பெடுக்கிறார், யார் டீ வாங்கி வருகிறார் என்பதையும் மூன்று கூட்டங்களுக்கு எழுதிப் பாருங்கள், சம்பளப் பட்டியல் சொல்லாததை அது சொல்லும்.

எச்சரிக்கையும் உண்டு. 14 பேரில் பெயரில்லாப் படிவம் என்பது பெயரளவுக்குத்தான், யார் யார் என்று உடனே தெரிந்துவிடும். சமூகப் பிரிவை அவரவரே விருப்பப்பட்டு எழுதித் தர, அதை வெளியாள் ஒருவர் வாங்கித் தொகுக்கட்டும். அட்டவணையில் ஐந்து பேருக்குக் குறைவாக வரும் எந்தக் கட்டத்தையும் வெளியிட வேண்டாம், அதற்குப் பதில் பரிந்துரையை மட்டும் வெளியிடுங்கள். கூட்டத்தில் கைதூக்கச் சொல்லிச் சாதி கேட்பது கூடவே கூடாது. குழுவில் ஒரே ஒரு தலித் ஊழியர் இருந்தால், எல்லாச் சாதிக் கேள்விக்கும் அவரைப் பதில் சொல்ல வைப்பதும் தவறு. அது அவர் சம்பளத்தில் இல்லாத வேலை.

நெய்தல்74

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் எந்த முடிவை யார் எடுக்கிறார்கள் என்று எழுத்தில் இருக்கிறதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். "நாமெல்லாம் ஒரு குடும்பம், எல்லோரும் சமம்" என்று பேசும் இடங்களில் அதிகாரம் இல்லாமல் போவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அமெரிக்கப் பெண்ணியக் குழுக்களைப் பற்றி, அவற்றில் இருந்த ஜோ ஃப்ரீமன் 1970-இலேயே இதைச் சொன்னார்: அமைப்பு முறை இல்லை என்று சொல்லும் குழுவில் நட்பு வட்டமே அமைப்பாகிவிடும், அந்த வட்டத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, ஆகவே நீக்கவும் முடியாது.

மெரினாவில் 2017 ஜனவரியில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். தலைமை இல்லாமல் திரண்டதுதான் அதன் பலம், கோரிக்கை ஒன்றாக இருந்தவரை. 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்ததும், அதை ஏற்று எழுவதா, நிரந்தரச் சட்டம் வரை உட்காருவதா என்று அத்தனை பேர் சார்பில் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. 23-ஆம் தேதி காவல்துறை கலைத்தது. அந்த உணர்வோடு பொதுவாழ்வுக்கு வந்த தலைமுறை நிறுவனத்துக்குள்ளும் "எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்போம்" என்று எதிர்பார்ப்பது இயல்பு. சேர்ந்து எடுக்காத முடிவுகளை மறைக்காமல் முன்பே சொல்லிவிடுவதே மரியாதை.

ஒரே தாளில் எழுதுங்கள். ரூ.5,000 வரை மைய ஒருங்கிணைப்பாளர். மையத்தைத் திறப்பதும் மூடுவதும் நிர்வாகக் குழு, ஆனால் 15 நாள் முன்பு அந்த மைய ஊழியர்களின் கருத்தை எழுத்தில் வாங்கிய பிறகு. பாடத்திட்டம் ஆசிரியர்களின் வாக்கு. ஒவ்வொரு வரியிலும் மூன்று இருக்க வேண்டும்: முடிவெடுப்பவர், கருத்து கேட்கப்பட வேண்டியவர், எப்போது மறுபரிசீலனை. கருத்து கேட்டுவிட்டு மாறாக முடிவெடுத்தால் காரணத்தை இரண்டு வரியில் எழுதித் தர வேண்டும். இந்த இரண்டு வரி இல்லாததால்தான் "கேட்டது நாடகம்" என்ற பேச்சு வருகிறது.

"இந்தச் சமூகத்தில் பிறந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்" என்று ஒருவர் பேசும்போது இருதரப்புமே தடுமாறுகின்றன. என் கருத்து இது: என்ன நடக்கிறது, அது எப்படி வலிக்கிறது என்பதில் அவர் சொல்வது ஆதாரம், அதை மறுப்பதற்கு முன் பத்து முறை யோசிக்க வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்பதில் அவருடையது கனமான ஒரு கருத்து, ஆனால் அதோடு விவாதம் மூடிவிடாது. அதே சமூகத்தைச் சேர்ந்த இன்னொருவர் வேறு மாதிரி நினைக்கலாம், அவருக்கும் வாய் திறக்க இடம் வேண்டும்.

கூட்டத்தை இயக்குநர் நடத்த வேண்டாம், சுழற்சியில் விடுங்கள். நிகழ்ச்சி நிரல் 3 நாள் முன்பே போகட்டும். கடினமான பொருளில் முதல் 5 நிமிடம் எல்லோரும் மௌனமாக எழுதி, பிறகு பணியில் இளையவரிலிருந்து பேசத் தொடங்குங்கள். 90 நிமிடம் போதும். நிர்வாகக் குழுவில் இளையவர்களை "சிறப்பு அழைப்பாளர்" என்று உட்கார வைக்காதீர்கள், வாக்கு இல்லாத நாற்காலிக்குத்தான் டோக்கனிசம் என்று பெயர். துணைவிதியைத் திருத்தி இரண்டு இடங்களை வாக்குரிமையோடு கொடுத்து, மாற்றத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள்.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. முன்பண ஏற்பாட்டை இந்த மாதமே முன்வைக்கிறேன். கூடவே ஒன்று: உள்ளே பேசும் சொற்கள் இருக்கட்டும், ஊருக்குள் போகும் துண்டறிக்கையிலும் நிதி விண்ணப்பத்திலும் எந்தச் சொல் என்பதிலும் சண்டை வருகிறது. "விளிம்புநிலை", "பயனாளி", "தலித்" மூன்றும் மாதந்தோறும் விவாதத்துக்கு வருகின்றன.

மாலைப்பள்ளி

பெயரை நாம் முடிவு செய்வதில்லை, அவர்கள் என்ன சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறோம். இதை விதியாக வைத்தால் பாதிச் சண்டை தீரும். ஏனென்றால் ஒரே மாவட்டத்திலேயே பதில் மாறும். "தலித்" என்பது போராட்டத்தில் ஈட்டிய பெயர் என்று தோள் நிமிர்த்துபவர்கள் உண்டு. அந்தப் பெயருக்குள் தங்களை அடைக்க வேண்டாம் என்பவர்களும் உண்டு. 7 பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்று அழைக்கும் 2021 சட்டம் அப்படிப்பட்ட நீண்ட கோரிக்கையின் விளைவு. ஊடகங்கள் "தலித்" என்பதைத் தவிர்த்துப் பட்டியல் சாதியினர் என்று எழுதலாம் என 2018 ஆகஸ்டில் ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுறுத்தியபோது எழுந்த எதிர்ப்பும் நினைவிருக்கும். சான்றிதழ், உதவித்தொகைப் படிவத்தில் சட்டப் பெயர். துண்டறிக்கையில் அந்த ஊர் மக்கள் ஒப்புக்கொண்ட பெயர். இரண்டையும் ஒன்றாக்க முயல வேண்டாம்.

சில இடங்களில் விவாதமே தேவையில்லை. ஊரின் பெயரோடு "காலனி" சேர்ப்பதை நிறுத்துங்கள். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மையங்களின் பெயர்ப்பலகை, வருகைப் பதிவேடு, கூகுள் வரைபடத்தில் நீங்கள் போட்ட குறி மூன்றையும் பாருங்கள், பழைய பெயர் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். பாலினம், பாலீர்ப்பு தொடர்பான சொற்களுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வழக்கை அடுத்து 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட சொற்பட்டியல் இருக்கிறது. திருநர் என்பது பொதுச்சொல். எல்லோரையும் "திருநங்கை" என்று எழுதினால் திருநம்பிகள் காணாமல் போகிறார்கள்.

"விளிம்புநிலை மக்கள்" என்று எந்த அம்மாவும் தன்னைச் சொல்லிக்கொள்ள மாட்டார். துண்டறிக்கையில் அதை வெட்டிவிட்டு, அவர்கள் யார் என்பதையே எழுதுங்கள்: செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள். "பயனாளி" என்பது கொடுப்பவர் பக்கத்திலிருந்து பார்க்கும் சொல். மாணவர், பெற்றோர் என்றாலே போதும்.

நிதி விண்ணப்பத்தை முதலில் தமிழில் எழுதி, மையத்துப் பெற்றோர் இருவரிடம் வாசித்துக் காட்டி, பிறகு ஆங்கிலமாக்குங்கள். பெரிய சொல் ஒவ்வொன்றுக்கும் செலவுத் திட்டத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். "மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்கிய மையம்" என்று எழுதினால் சாய்தளத்துக்குப் பணம் எங்கே? சரிவு 1:12 (ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம்) என்பதால் 15 செ.மீ. வாசற்படி ஒன்றுக்கே 1.8 மீட்டர் நீளம் வேண்டும், பல மையங்களின் முற்றத்தில் அந்த இடமே இருக்காது. விண்ணப்பம் போகும் முன் டேப் எடுத்து அளந்து பாருங்கள். அளக்காமல் எழுதிய சொல்தான் அடுத்த ஆண்டு கூட்டத்தில் "ஏமாற்று" என்று திரும்பி வரும்.

பனங்காடு

பயணப்படி பற்றிக் கரிசல் சொன்னதை ஏற்கிறேன், நான் அவசரப்பட்டு ஒதுக்கிவிட்டேன்.

யாரும் தொடாத ஒன்று: விவகாரம் உள்ளே வருவதற்கு முன்பே ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ வந்துவிட்டால்? பதிவை நீக்கச் சொல்லாதீர்கள். வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். பதிவு போட்டதற்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால் அதற்குப் பிறகு எந்தப் புகாரும் உங்களிடம் வராது, நேராக இணையத்துக்கே போகும். 48 மணி நேரத்துக்குள் நாலு வரி போதும்: பதிவைப் பார்த்தோம், இன்ன குழு விசாரிக்கும், இன்ன தேதிக்குள் முடியும், பேச விரும்புவோர் வெளி உறுப்பினரை இந்த எண்ணில் அழைக்கலாம். குற்றம் நிரூபணமானதாகவும் எழுத வேண்டாம், பொய் என்றும் எழுத வேண்டாம். யாருடைய பெயரும் வேண்டாம். குறிப்பிடப்பட்டவர் புகார்தாரருக்கு மேலதிகாரியாக இருந்தால், விசாரணை முடியும்வரை விடுப்பு ஒப்புதலும் மதிப்பீடும் அவர் கையிலிருந்து வேறொருவருக்கு மாற வேண்டும். மாற்றப்படுவது மேலதிகாரியின் பொறுப்பு மட்டும்தான். புகார்தாரரை, அவரே கேட்டாலொழிய, வேறு மையத்துக்கு அனுப்பாதீர்கள்.